அரக்கா, தக்காளியா?

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் இசைப்பிரியாவுக்குக் கோபக்காரி என்று பெயர். கணவன் நெடுமாறன் கல்யாண வீடுகளுக்குப் போய்ப் போட்டோ எடுத்து வருவான். கடையில் உட்கார்ந்து அதை ஆல்பமாக்குவது அவள் வேலை. "எம் பொண்ண கொஞ்சம் செவப்பா காட்டும்மா" என்று கேட்டால், "பவுடர் எதிர்க்கடையிலதாங்க" என்பாள். ஊரார் பென்டிரைவ்களில் வந்த வைரஸால் கம்ப்யூட்டர் ஓயாமல் படுத்துக்கொள்ள, ஓர் ஆத்திரத்தில் விண்டோஸை வழித்தெறிந்துவிட்டு இலவசமாகக் கிடைக்கும் உபுண்டுவை ஏற்றிவிட்டாள். அப்புறம் வைரஸும் வரவில்லை, பழுதென்றால் பார்க்க ஆளும் வரவில்லை.

அந்த வருஷம் ஆனியில் காடாம்புலியூர் கஸ்தூரியம்மாள் மகனின் கல்யாண ஆல்பத்தோடு வந்து, அதை மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"முகூர்த்தப் புடவ நான் எடுத்தது அரக்கு. எங்கையால பொறுக்கி எடுத்தேன். இதுல தக்காளிப்பழம் மாரி இருக்குது. ஒண்ணு உங் கம்ப்யூட்டரு பொய் சொல்லுது, இல்லாட்டி எம் மருமவ புடவய மாத்திட்டா. எதுன்னு சொல்லு. வெள்ளிக்கெழம வரேன்."

பின்னால் மருமகள் சண்முகப்பிரியா நின்றிருந்தாள். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். புடவை அம்மா வீட்டில் இருக்கிறது. எடுத்து வந்து காட்டினால் அதுவும் மாற்றிய புடவைதான் என்பார்கள். அவள் கண் கலங்கியதை இசைப்பிரியா பார்த்தாள். "எங்க ஸ்கிரீன்லதாங்க கோளாறு இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். தன் பக்கம் தப்பு என்று அவள் வாயிலிருந்து வந்ததே அன்றுதான்.

முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று நெடுமாறனைக் கேட்டாள். "செவப்புதான்" என்றான்.

"எந்தச் செவப்பு?"

"செவப்புல எந்தச் செவப்புன்னா?"

அவனை நம்பிப் பயனில்லை. திரையின் நிறத்தை அளந்து திருத்தும் குட்டிக் கருவி ஒன்றைப் செகண்ட் ஹேண்டில் வரவழைத்தாள். கூட ஒரு மென்பொருளும் ஏற்ற வேண்டும். உபுண்டு பாஸ்வேர்டு கேட்டது. தட்டினால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. நெய்வேலிச் சுரங்கத்து நிலக்கரித் தூசிதான் அடைத்துக்கொண்டது என்று கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள், ஊதினாள். கடைசியில்தான் தெரிந்தது, தட்டும் பாஸ்வேர்டு திரையில் தெரியாமலிருப்பதே அதன் வழக்கமாம். பிறகு மென்பொருள் 'கருவியே இல்லை' என்று அடம்பிடித்தது. இணையத்தில் யாரோ சொன்னபடி அனுமதி கொடுத்து, கழற்றி மாட்டியதும் ஒத்துக்கொண்டது.

புதிதாக வந்த சாமானாயிற்றே, சந்தனம் குங்குமம் வைத்தாள். நடுவில் வட்டமாக, பொட்டுக்கென்றே விட்டதுபோல் ஓர் இடமிருந்தது. கருவியைத் திரையில் தொங்கவிட்டு ஓட்டினாள். முடிந்து பார்த்தால் மாப்பிள்ளை, பெண், புரோகிதர் எல்லோரும் கருநீலம்.

"கல்யாணமே வைகுண்டத்துல நடந்தாப்ல இருக்குது" என்றான் நெடுமாறன்.

மென்பொருள் எழுதியவனின் வம்சத்தையே திட்டிவிட்டுக் கருவியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பொட்டு வைத்த இடம்தான் அதன் கண். துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மனிதர்கள் மனித நிறத்துக்கு வந்தார்கள். திருத்தாத திரையை நம்பி இத்தனை நாள் எத்தனை பேருக்கு மஞ்சள்காமாலை வரவைத்தோமோ என்று நொந்துகொண்டே முகூர்த்தப் படத்தைத் திறந்தாள்.

புடவை அசல் தக்காளி. அந்தப் பெண்ணை நினைத்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கஸ்தூரியம்மாள் திரையை உற்றுப் பார்த்தாள். "அப்ப இவ மாத்திதான் இருக்கா."

"மிசினு சரியாத்தான் இருக்குதுங்க. ஆனா..." என்று இழுத்தாள் இசைப்பிரியா. பேச்சை வளர்க்கப் பொட்டு வைத்த கதையைச் சொன்னாள். "கண்ணுல சந்தனம் ஒட்டிக்கினு இருந்தா எல்லாமே வேற கலராத்தாங்க தெரியுது."

சண்முகப்பிரியா மெல்ல வாய் திறந்தாள். "அத்தை, கல்யாணம் முடிஞ்சுதானே உங்களுக்குக் கண்ல புரை எடுத்தாங்க?"

"ஆமா, அதுக்கின்னா?" என்ற கஸ்தூரியம்மாள் சட்டென்று நிறுத்தினாள். "ஆஸ்பத்திரிலேந்து வந்து, வூட்டுச் சொவத்துக்கு எவண்டா நீலம் அடிச்சதுன்னு கத்தனேனே..."

"அது நான் வந்தப்பவே நீலந்தான் அத்தை."

"புடவ தக்காளின்னு அன்னிக்கே ஒருத்தராவது சொல்லக்கூடாதா?"

"உங்ககிட்ட யாரு அத்தை சொல்வாங்க?"

கஸ்தூரியம்மாள் மறுபடி திரும்பிப் பார்த்தாள். திரையில் மகன் தாலி கட்டிக்கொண்டிருந்தான். "அப்ப எம் புள்ள கல்யாணத்த நான் இன்னும் பாக்கவே இல்லியா?" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்து ஸ்டூலைத் தட்டி மருமகளையும் உட்காரவைத்தாள்.

"மொதல்லேந்து காட்டும்மா."

இசைப்பிரியா ஒவ்வொரு படமாகத் திறந்தாள். கஸ்தூரியம்மாள் ஒவ்வொன்றுக்கும் மருமகள் பக்கம் திரும்பி, "இது இன்னா கலரு, சொல்லு" என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தாள்.