கதவைத் திறந்துவிட்டவர்கள்

சின்னவளுக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் அடைத்துப்போகும். பிறகு திறந்துகொண்டால் யாராலும் மூட முடியாது. அன்று காலை செல்போன் ரிப்பேர் கடையில் அவள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அண்ணன், கல்லாவிலிருந்து எழுந்து வந்து, பொடி ஸ்குரூக்கள் பிரித்துப் போட்டிருந்த மூடிகளை ஒவ்வொன்றாக மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தான். அவள் மேசையில் குத்தினால் அத்தனையும் தரையில் கிடக்கும். முன்பு ஒருமுறை பொறுக்கியவன் அவன்தான்.

கடை இருவருக்கும் பொது. ரசீதும் வருகிறவர்களிடம் பேச்சும் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அண்ணனுடையவை. வேலை தங்கையுடையது. கடைத்தெருவில் அவளைவிடச் சுத்தமாக டிஸ்ப்ளே மாற்ற ஆள் கிடையாது. கடை திறக்கும் முன் அவள் எழுதுவாள், காகிதத்தில், மை பேனாவில். "நாள் முழுக்க போனைப் பிரிச்சிட்டு, எழுதறதுக்கு மட்டும் பேப்பரா?" என்று கேட்பவர்களுக்கு, "சமையல்காரர் அடுப்புலயா படுப்பாரு?" என்பாள்.

காகித வாசனை என்று உருகுகிறவர்களைக் கண்டாலும் அவளுக்கு எரிச்சல்தான். வாசனைக்கு ஊதுபத்தி வாங்கிக்கொள்ளட்டும் என்பாள். அவளுடைய முதல் புத்தகம் காகிதத்தில் வந்து, கட்டுப் பிரிக்காமலே அண்ணன் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதனால்தான் இரண்டாவது கதையை, ஒரு நாவலை, போனில் படிக்கிற ஆப் ஒன்றுக்குக் கொடுத்தாள். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் ஜனங்கள் படித்தார்கள். அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

நாவல் இதுதான்: சொல்லாமல் கொள்ளாமல் போன புருஷன் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். பெண்டாட்டி உள்ளே நின்று அதைக் கேட்கிறாள். திறக்கவில்லை. அந்தத் திறக்காத கதவுக்காகத்தான் முன்னால் இருக்கிற எல்லா அத்தியாயங்களையும் சின்னவள் எழுதினாள். கடைசி வரியை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதுவரை போகிற வழியைப் பின்னால் போட்டவள்.

ரிப்பேருக்கு வந்த போனில் கேமரா, டார்ச், ஒரு அழைப்பு என்று சோதிப்பதற்கு மேல் எதையும் தொடக் கூடாது என்பது அவளே வைத்த சட்டம். அன்று ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஒரு அம்மாவின் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றி உயிர் கொடுத்ததும், போன் விழுந்து உடைந்தபோது திறந்திருந்த பக்கம் அப்படியே வந்து நின்றது. அவளுடைய நாவல், கடைசி அத்தியாயம். தன் எழுத்தை வேறொருவர் போனில் பார்த்த ஆசையில் சட்டத்தை மீறிக் கீழே தள்ளினாள்.

'அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மழை நின்றிருந்தது.'

அப்போதுதான் வாய் அடைத்தது. திறந்துகொண்டபோது ஆப் கம்பெனிப் பையன் ஸ்பீக்கரில் இருந்தான்.

"மேடம், அது அப்டேட்."

"ஆப்புக்கு அப்டேட் போடு. என் கதைல வர்ற பொம்பளைக்கு எதுக்குடா அப்டேட்?"

"ரீடர்ஸ் நிறைய கம்ப்ளைன்ட் மேடம். முடிவு சோகமா இருக்குன்னு. மாத்தினதுக்கப்புறம் ரேட்டிங் எங்கயோ போயிடுச்சு."

"யாரு மாத்தினது? நீயா?"

"ஏஐ சிஸ்டம்தான் எழுதிக் கொடுத்துச்சு. நாங்க லேசா பாலிஷ் பண்ணோம்."

"மழை எங்கேருந்து வந்துச்சு? என் கதைல மழையே பெய்யல! வெயில்ல காஞ்சு கருவாடா கிடக்குது ஊரு. பெய்யாத மழை எப்படி நிக்கும்?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "ஃபீலுக்காக மேடம்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாற்றுகிற உரிமை ஒப்பந்தத்தில் இருந்ததாம். கண்டதற்கெல்லாம் 'சம்மதம்' அழுத்தாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களைத் திட்டுகிற சின்னவள், தன் கதை வெளிவருகிற அவசரத்தில் தானும் அதையேதான் அழுத்தியிருந்தாள். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அச்சடித்த புத்தகம் விற்காமல் கிடக்கலாம், கரையான் தின்னலாம். ஆனால் படிக்கிறவர் தூங்கும்போது அதற்குள் புகுந்து எவனும் கதவைத் திறந்துவிட முடியாது.

"பழையபடி போடு."

"முடியாது மேடம். வேணும்னா மொத்தமா எடுத்துடலாம். வாங்கினவங்க போன்லேருந்தும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க. இவ்ளோ பேர் படிக்கிறாங்க."

அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு தணிந்த குரலில் சொன்னான். "ஏய் சின்னது, ஒரு வரிதானே? மத்ததெல்லாம் நீ எழுதினதுதானே? படிக்கட்டுமே."

"உன் சட்டையைப் போட்டுக்கிட்டு எவனோ ஊர் சுத்தறான். சட்டை உன்னுதுதானேன்னு பேசாம இருப்பியாண்ணே?"

அவன் கையை எடுத்தான். அவள் குனிந்து போனிடம் சொன்னாள். "எடுத்துடு. மொத்தமா எடு."

சாயங்காலம் பஸ்காரம்மா வந்தாள். காசைக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே போனைத் தடவிப் பார்த்தவள் குரலை உயர்த்தினாள்.

"எங்க தம்பி என் கதை? கண்ணாடி மாத்தச் சொன்னா உள்ள இருக்கறதையும் துடைச்சு வெச்சிருக்கீங்க! கடைசி அத்தியாயம் பாக்கி. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் ஸ்டியரிங்ல சாய்ச்சு வெச்சுப் படிப்பேன். கடையா நடத்தறீங்க?"

"கடை எடுக்கலம்மா. எழுதினவங்க எடுத்துட்டாங்க" என்றான் அண்ணன்.

"எந்தப் புண்ணியவதி அவ? பாதியில பிடுங்கிட்டுப் போறதுக்கு?"

"நான்தான்" என்றாள் சின்னவள், மேசை விளக்குக்கு அடியிலிருந்து.

பஸ்காரம்மா அவள் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "விளையாடறாளா?"

"என் தங்கச்சிதாம்மா எழுதினது." அதைச் சொல்லும்போது அந்த நிலைமையிலும் அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப சொல்லு. அவ திறந்தாளா இல்லையா?"

"திறக்கல! அவன் தட்டறான், தட்டறான், இவ திறக்கல, விளக்கை அணைச்சுட்டுப் படுத்துட்டா. அவ்ளோதான். எவனோ திறந்துவிட்டான், மழை வேற பெய்ய வெச்சான், அதான் எடுத்துட்டேன்."

பஸ்காரம்மா பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரனா இருந்தா நான் திறந்திருப்பேன்னு வெச்சுக்கோ. திறந்து நாலு அறை விட்டிருப்பேன். ஆனா அவ திறக்க மாட்டாதான். அது சரி. ஏம்மா, கதையை இப்படியா சொல்வாங்க? என்னைத் திட்டற மாதிரி இருக்கு. அவன் தெருமுனையில திரும்பற இடத்துல விட்டேன். அங்கேருந்து சொல்லு."

சின்னவளுக்குக் கோபம் தீரவில்லை. திருப்புளியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அண்ணன் வெளியே போய், ரிப்பேருக்கு வந்த இன்னொருவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினான்.

"அவன் தெருமுனையில திரும்பினான்" என்று தொடங்கினாள். "பேய் வெயில்."