குரூப்பில் போன ஃபைல்

போன செவ்வாய்க்கிழமை என் மகளுக்கு வேலை போயிற்று. போக்கடித்தது நான்தான்.

எங்கள் வீடு கேரள மலையில், வண்டன்மேட்டில். நான் பள்ளி ஆசிரியை; அன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. மகள் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம். இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. வீட்டிலிருந்தே வேலை. இன்டர்நெட் லைன் உண்டு, போன் சிக்னல்தான் கிடையாது. முந்தைய நாள் இடி விழுந்ததில் கம்பெனி லேப்டாப் புகைந்துவிட்டது. புதியது வரும்வரை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றார்கள்.

அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். இங்கே பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான் என்பதால் எனக்கு அதுவே பழகிவிட்டது. கம்பெனிக்குள் நுழைய வி.பி.என். வேண்டும் – பொது இன்டர்நெட்டுக்குள் நமக்கென்று பூட்டிவைத்த தனிப்பாதை. அதற்கு ஒரு சின்ன ஃபைல் அனுப்பியிருந்தார்கள். ஏற்றினால் ஏதோ எரர் வந்தது. பத்து மணிக்கு மீட்டிங். அப்போது ஒன்பதரை.

"மேல வளைவுல போய் சிக்னல் புடிச்சு ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன். நீ ஒண்ணும் தொட்றாதம்மா" என்று ஓடினாள்.

தொடாமல் இருக்க முடிந்ததா?

மலையில் எதையும் தனியாகச் செய்து எங்களுக்குப் பழக்கமில்லை. ரோட்டில் மரம் விழுந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஜீப் வேண்டுமென்றாலும்... டீச்சர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். ஐந்து நிமிஷத்தில் ஆள் வரும். கேட்காதவரைத்தான் கர்வம் பிடித்தவர் என்போம். எரரை போட்டோ எடுத்துப் போட்டேன். கூடவே அந்த ஃபைலையும்.

மகள் வந்து இரண்டு நிமிஷத்தில் சரிசெய்தாள். ஏதோ ஒரு புரோகிராம் விட்டுப்போயிருந்ததாம். அவ்வளவுதான். மீட்டிங் தொடங்கியது. அறுந்தது. வந்தது. மறுபடி அறுந்தது.

அப்போது என் போனில் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் செல்வம் சார், சக்குபள்ளத்து வீட்டிலிருந்து. பள்ளியின் கம்ப்யூட்டர் வைத்தியரும் அவர்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சரே, உங்க ஃபைல இங்க போட்டுப் பார்த்தேன். ஜம்முனு ஓடுது. கோளாறு உங்க சிஸ்டத்துலதான்."

மகள் திரும்பினாள். "எந்த ஃபைல்மா?"

அதற்குள்தான் அவளுடைய ரகசியச் சாவி இருந்திருக்கிறது. ஓர் ஆளுக்கு, ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். ஒரே சாவியோடு இரண்டு வீட்டிலிருந்து நுழைந்ததும் ஒன்றையொன்று தள்ளிவிட்டிருக்கிறது. கம்பெனியில் பார்த்துவிட்டு, இது எப்படி என்று அவளைக் கேட்டார்கள்.

"எப்படின்னு தெரியலன்னு சொல்லிருடி" என்றேன். நான்தான் பிள்ளைகளுக்கு உண்மை பேசப் பாடம் நடத்துகிறவள்.

"சும்மா இரும்மா" என்றாள். எங்கம்மா ஒரு குரூப்பில் போட்டுவிட்டார், அதில் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் அவர்களிடம் அப்படியே சொன்னாள். யாரும் திட்டவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார்கள். சாயங்காலம் மெயில் வந்தது. நான்கே வரி.

திருடனைத் தடுக்க எத்தனையோ பூட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். உதவ வருகிற அம்மாவைத் தடுக்க ஒன்றுமில்லை.

குரூப்பில் விஷயத்தைச் சொல்லி ஃபைலை அழிக்கச் சொன்னேன். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். செல்வம் சார்தான் முதலில் எழுதினார்: "பாப்பாவோட பயோடேட்டாவை இங்க போடுங்க டீச்சர். யாராச்சும் ஒரு எடம் சொல்லுவாங்க."

இந்த முறை மகளிடம் கேட்டேன். "வேண்டாம்மா" என்றாள். போடவில்லை.

முதலில் அவளைக் கேட்க வேண்டும் என்று நான் கற்றுக்கொள்ள, அவளுடைய வேலை போக வேண்டியிருந்தது.