பெர்மிட்டில் இல்லாத ஒரு படி அரிசி

மலைப்பாதையில் உணவு லாரி ஓட்டுகிறவனுக்கு, நிற்பதற்கு ஏற்ற இடம் ஒவ்வொன்றும் மனப்பாடமாகத் தெரியும். நிற்பதற்கு அனுமதி மட்டும் இராது. மலாயாவின் அவசரகாலத்தில் சிரம்பானிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிச் சென்ற அன்பர்கள் யாரேனும் இன்னும் இருந்தால், இந்த வரியைப் படித்ததுமே பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஏனையோருக்காகச் சற்று விளக்குகிறேன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, அரசாங்கம் அரிசியைக் குற்றவாளியைப் போலக் காவலில் வைத்திருந்த காலம் அது. எத்தனை மூட்டை, எந்தத் தோட்டத்துக்கு, எந்தப் பாதையில் என்பதெல்லாம் பெர்மிட்டில் எழுதியிருக்கும். தார்ப்பாயை இறுக்கிக் கட்ட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். வழியில் எங்கும் நிற்கக் கூடாது.

பின்னாளில், தோட்டத்து மக்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு எழுதி, ஒரே கதை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலையாயிற்று. அந்தப் பழக்கத்தினால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே மேற்கோள் குறிக்குள் உள்ளவை நானே காதால் கேட்டவை. சந்தேகம் உள்ள இடத்தில் சந்தேகம் என்றே குறித்திருக்கிறேன்.

எழுதாமல் விட்டது

நான் வாரம் ஒரு நாள் புக்கிட் தங்கா மலையைக் கடந்து, ஜெலுபுப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு ஓட்டினேன். கம்பெனி வைத்த பெயர் ஏதோ இருந்தது. தொழிலாளர்கள் அதை மூங்கில் தோட்டம் என்றார்கள். மூட்டை ஏற்றி இறக்க என்னுடன் வந்தவர் ரெங்கன் அண்ணன். என்னைவிட இருபது வயது மூத்தவர். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்து, இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறினால், உச்சியில் ஓரிடத்தில் மூங்கில் புதர்கள் விலகிக்கொடுக்கும். அடியில் பனி. பனி சற்றுக் கலைந்த இடத்தில் நெல்வயல். வயலின் ஓரத்தில் எருமைக் கொம்பு போல் இரு முனையும் தூக்கிய மலாய்க்காரர் வீட்டுக் கூரை. அதற்கும் அப்பால், அலை அலையாக ரப்பர் மரங்கள். எங்கோ ஒரு குரங்கு விட்டு விட்டுக் கூவும்.

முதல் முறை அதைக் கண்டபோது என் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. உடனே விதி நினைவுக்கு வந்து, பதறி எடுத்துவிட்டேன். ரெங்கன் அண்ணன் பெர்மிட்டை மடியிலிருந்து எடுத்து, எழுத்தறியாதவராயினும், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நிக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கான் தம்பி. பாக்கக் கூடாதுன்னு எழுத மறந்துட்டான். மெதுவா போ.”

கேட்டில் நடந்த சோதனை

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. லாரி கேட்டை அடையும் நேரமும், பெண்கள் பால் மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, புறப்படும் நேரமும் ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் ஒரு கான்ஸ்டபிள் லாரியில் ஏறி, நீண்ட இரும்புக் கம்பியால் மூட்டைகளைக் குத்திக் குத்திப் பார்ப்பார். மறுபக்கம், பெண்கள் வாளியும் உளியுமாக வரிசையில் நிற்க, சோதனைக்காரி அவர்களைத் தடவிப் பார்ப்பாள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. அந்த வரிசையில் பார்வதி நிற்பாள்.

பார்வதிக்கும் எனக்கும் பரிசம் போட்டிருந்தது. தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தபின், மார்கழியில் வேலி வந்துவிட்டது. வெளியாள் உள்ளே போகப் பாஸ் இல்லை; லாரிக்காரன் ஸ்டோர் வரை போய் மூட்டையை இறக்கிவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். உள்ளாள் வேலைக்கன்றி வெளியே வரப் பாஸ் இல்லை. ஆக, வாரம் ஒரு முறை, கம்பி மூட்டைக்குள் போய்வரும் நேரம் மட்டுந்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம். அதையும் நான் வீணாக்கினேன். ஆறு நாள் யோசித்து வைத்திருந்த பேச்சு, அவளைக் கண்டதும் தொண்டையைத் தாண்டாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அவள் பொறுமை இழந்தாள். பரிசம் போட்டவனோடு நேரே பேசக் கூடாதாகையால், கைகளை விரித்துச் சோதனைக்கு நின்றவள், சோதனைக்காரியிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: “மூட்டைய இத்தன எடத்துல குத்துறாங்களே அக்கா, அந்த டிரைவரையும் ஒரு குத்து குத்திப் பாக்கச் சொல்லுங்க. உள்ளுக்குள்ள ஏதாச்சும் பேச்சு இருக்கான்னு தெரியட்டும்.”

பழம் வந்த வழி

இந்தத் தொழிலில் கிடைத்த இன்பங்களையும் மறைக்கக் கூடாது. மலை இறங்கியதும் வரும் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், ஒரு பெரியவர் இருந்தார். எங்கள் லாரி நிற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ரம்புத்தான் காய்க்கும் காலத்தில் சாலையோரம் காத்திருந்து, லாரியோடு பத்தடி ஓடிவந்து, ஒரு கொத்தை ஜன்னல் வழியே வீசிவிட்டுக் கைகாட்டுவார். ஏன் கொடுத்தார் என்று நான் கேட்டதில்லை. நின்று கேட்கத்தான் முடியாதே.

அதில் பாதியைப் பார்வதிக்கு என்று எடுத்து வைத்தேன். ரெங்கன் அண்ணன் தலையை ஆட்டினார். பெர்மிட்டில் ரம்புத்தான் இல்லை. கேட்டில் கண்டால், பழம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். லாரி நின்றது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேட்டுக்கு இன்னும் இரண்டு மைல். இருவரும் வாய் நிறைய அடைத்துக்கொண்டு தின்றோம். அவளுக்கென்று வைத்த பழத்தை நானே தின்றது, அதுவும் அவசர அவசரமாகத் தின்றது, இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. கடைசிக் கொட்டையைத் துப்பிவிட்டு, மடி முழுதும் சிவந்த தோலைப் பார்த்து ரெங்கன் அண்ணன் கவலையோடு கேட்டார்: “சாட்சியத் தின்னாச்சி. அதோட சட்டைய என்ன தம்பி செய்யறது?”

சோறாக வரலாமா

தோட்டத்துக் கிராணியார் இரக்கமுள்ளவர். அலுவலக எழுத்து வேலையெல்லாம் அவர் பொறுப்பு. கல்யாணத்துக்கென்று மனு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவைத்தார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாப்பிள்ளைக்கும் உறவினர் ஐவருக்கும் ஒரு பகல் பாஸ் உண்டு. விருந்துக்கென்று அரிசி ஒரு மணிகூட வேலிக்குள் வரக் கூடாது. ஆனால் சமைத்த சோறு வரலாம். அது மறுநாள் கெட்டுவிடும், காட்டுக்குப் போகாது.

மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரம்பானில் லோபாக் பகுதியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், விடியற்காலையில் அண்டாவில் ஆக்கித் தருவதாகச் சம்மதித்தார். அடுத்த வாரம் ஸ்டோருக்கு முன்னால் ரேஷன் வரிசையில் நின்றிருந்த பார்வதியின் தாயாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கணவரை இழந்தவர்; பார்வதி அவருக்கு ஒரே மகள். அரிசியைச் சரக்காகவே பார்த்துப் பழகிப்போன எனக்கு, அது சோறாக மாறிவிட்டால் அதன் பொருளும் மாறிவிடும் என்பது தோன்றவே இல்லை. வீட்டில் சாவு விழுந்து அடுப்பு அணைந்திருக்கும்போதுதான் வெளியிலிருந்து சோறு ஆக்கி எடுத்து வருவார்கள். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. ரேஷன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்: “சோறு வெளியேருந்து வருதுன்னா, எங்க வீட்டுல யாரு மாப்ள செத்தது?”

கூட்டிய அரிசி

ரெங்கன் அண்ணன்தான் மூன்று வாரம் தூது நடந்து ஒரு வழி கண்டார். மாப்பிள்ளை வீட்டு அரிசி ஒரு படியாவது அரிசியாகவே வந்து, பெண் வீட்டு அடுப்பில் முதல் உலையாகப் பொங்க வேண்டும். அதன்பின் எந்த அண்டா எங்கிருந்து வந்தாலும் அந்த அம்மாளுக்குச் சம்மதம். ஒரே ஒரு படி. வாரந்தோறும் நாற்பது மூட்டை ஏற்றுகிறவன் நான்.

இங்கேதான் என் தவறு. மலையடிவாரச் சோதனைச் சாவடியிலும் மூட்டைகளைக் கம்பியால் குத்துவார்கள். குத்திய ஓட்டை வழியே, ஏற்ற இறக்கத்தில் லாரித் தரையெங்கும் அரிசி சிந்தும். இறக்கி முடித்தபின் அதைக் கூட்டி ஸ்டோரில் கொடுத்துவிட வேண்டும் என்பது முறை. கூட்டும்போது வாரம் ஒரு பிடி எடுத்து மடியில் வைத்தேன்; திரும்பும் காலி லாரியை யாரும் சோதிப்பதில்லை. கல்லும் சணல் நாரும் பொறுக்கி, ஒரு படி கொள்ளும் பால்மாவு டின் ஒன்றில் வீட்டில் சேர்த்தேன். நான் எனக்கே சொல்லிக்கொண்ட நியாயம் இது: இந்த அரிசி பெர்மிட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, சட்டப்படி மலையேறிய அரிசி, இதை மீண்டும் கொண்டுவந்தால் புதிதாக ஏற்றியதாகாது. லாரிக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு நியாயம் தோன்றியிராது.

டின் நிறைந்த வாரம் சீட்டுக்கு அடியில் வைத்துப் புறப்பட்டேன். கேட்டில் அன்று புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி நின்றிருந்தார். அதனால், வழக்கமாகச் சீட்டைத் தொடாத கான்ஸ்டபிள் ஓஸ்மான் அன்று சீட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. அவர் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். நான் என் நியாயத்தை முழுவதும் சொன்னேன். பெண்கள் வரிசை நின்றுவிட்டது. பார்வதி வாளியைக் கீழே வைத்துவிட்டாள். அதிகாரிக்குக் கொடுத்த தாளில் ஓஸ்மான் ‘கூட்டிய அரிசி’ என்று எழுதியதால்தான் சிறைக்குப் போகாமல் தப்பினேன். உணவு லாரி ஓட்டும் பெர்மிட் மட்டும் போயிற்று. எழுதுவதற்கு முன் அவர் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னது: “மூட்டையில இருந்தா இது ரேஷன். தரையில இருந்தா குப்ப. ஒன் சீட்டுக்கு அடியில இருந்தா இது கம்யூனிஸ்ட் சாப்பாடு. நான் என்னா செய்ய, டிரைவர்?”

ரெங்கன் அண்ணன் சாப்பிட்டுவந்தது

அதன்பின் என்னை பஹாவ் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றும் லாரியில் போட்டார்கள். அங்கே உணவுச் சரக்கு இல்லை. நினைத்த இடத்தில் நிற்கலாம். ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிரும் பருவத்தில், சாலையே தெரியாமல் இலை கிடக்கும் ஓரிடத்தில் தினமும் நிறுத்தினேன். பார்க்க ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில் நிற்பது, நிற்காமல் ஓட்டுவதைவிடக் கடினம்.

மூங்கில் தோட்டத்துக்குப் பாஸ் கேட்டு நான்கு மனு போட்டேன். பெயர் கெட்டவனுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்திருந்தபின், பரிசச் சேலை மடிப்புக் கலையாமல் ரெங்கன் அண்ணன் கையில் திரும்பி வந்தது. கொடுத்தனுப்பியது தாயார். பார்வதி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். சேலையை அவளே மடித்தாள் என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குப் பார்த்த புது மாப்பிள்ளை அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆறு வீடு தள்ளி இருந்தவர். அவருக்குப் பாஸ் வேண்டாம். அவர் வீட்டு அரிசி ஏற்கெனவே வேலிக்குள் இருந்தது. வெளியூர் உறவு யாரும் இல்லாததால், எல்லா வீடுகளும் அந்த வாரத்து ரேஷனிலிருந்து ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து பெண் வீட்டு அடுப்பிலேயே பொங்கினார்கள். இதையெல்லாம் ரெங்கன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில், மறைத்தால் துரோகமாகும் என்று நினைத்தவர் போல இதையும் சேர்த்தார்: “அன்னிக்கு லோடு எறக்கப் போனவன எல போட்டு ஒக்கார வச்சிட்டாங்க தம்பி. வேணாம்னு சொல்ல வாய் வரல. சோறு நல்லாத்தான் இருந்திச்சி.”

மூன்று பாடங்கள்

பல்லாண்டு கழித்து, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டக் கதைகளைத் தேடி அலைந்தபோது, ‘அரிசி பொறுக்கின லாரிக்காரன்’ என்றொரு கதை கிடைத்தது. கோலப்பிலா வட்டாரத்தில் சொல்வதன்படி, லாரிக்காரனைக் கேட்டிலேயே சுட்டுவிடுகிறார்கள். பஹாவில் சொல்வதன்படி, அவன் அரிசியை வீசிவிட்டுக் காட்டுக்குள் ஓடிப்போகிறான். இரண்டையும் தேதியிட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வைத்தேன்.

ஒரே கதையின் ஒவ்வொரு வடிவத்தையும் நாங்கள் பாடம் என்போம். மூன்றாவது பாடத்தைச் சொன்னவர், ரஹாங்கில் மகன் வீட்டில் இருந்த ஒரு பெண்மணி. மூங்கில் தோட்டத்தில் பிறந்தவர். என்னைக் கதை சேர்க்க வந்த ஒரு சார் என்று மட்டுமே அவர் அறிவார். அவர் பாடத்தில், கான்ஸ்டபிள் அந்த டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொடுத்துவிடுகிறார். லாரிக்காரன் அந்த ஒரு படியைப் பெண்ணின் தாயாரிடம் கொடுக்கிறான். அது பொங்கி வழிகிறது. லயம் முழுதும் சாப்பிடுகிறது. கதை சொல்பவரைக் குறுக்கே கேட்கக் கூடாது. ஆனாலும், முடிந்தபின் ஒரு கேள்வி கேட்டு உறுதிசெய்துகொள்வது எங்கள் வழக்கம். கல்யாணம் உண்மையிலேயே நடந்ததா என்று கேட்டேன். அவர் சற்று வருத்தத்துடன் என்னைப் பார்த்தார்: “நடந்திச்சிலா சார். எங்கம்மா பந்தியில ஒக்காந்து சாப்ட்டவங்க. இல்லாததையா சொல்லுவாங்க?”

சொல்கிறவரின் பாடத்தை ஆராய்ச்சியாளன் ஒருபோதும் திருத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. என் வாழ்நாளில் இத்தனை மனநிறைவோடு நான் கீழ்ப்படிந்த விதி வேறொன்று இல்லை.