ஸ்டெல்லா மிஸ் சொன்ன பொய்

ஸ்டெல்லா மிஸ் போய்விட்டார். விடியும்போதே கள்ளக்குறிச்சியிலிருந்து போன்... சாயங்காலம் அடக்கமாம்.

நான் ஓசூரில், மூன்றாவது மாடியில், இடுப்பு ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். லிஃப்ட் வேறு ரிப்பேர். வாசலுக்குக்கூட இறங்க முடியாத எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக... பத்தொன்பது வயதில் நான் சேர்ந்த கிறிஸ்டியன் நர்சரி ஸ்கூலில் அவர்தான் எல்கேஜி மிஸ். நான் அசிஸ்டெண்ட். அதாவது, மூக்கு துடைத்துவிடுகிற வேலை.

மிஸ்ஸுக்குக் கொண்டாட்ட நாள் என்றால் பைத்தியம். யெல்லோ டே, மேங்கோ டே, அது இது என்று மாசம் தவறாமல் ஒன்று.

ஒருதடவை ஒயிட் டே என்று போர்டில் எழுதிப் போட்டார். மறுநாளே ஒரு அம்மா வந்து நின்றார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மிஸ் வெள்ளத் துணி? எங்க வூட்ல இன்னா எழவா வுழுந்துச்சி?"

மிஸ் அசரவேயில்லை. அழித்துவிட்டு 'மில்க் டே' என்று எழுதினார். அதே வெள்ளை டிரெஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் வந்தன. சண்டைக்கு வந்த அம்மா ஒரு சொம்பு பாலும் கொடுத்தனுப்பினார்!

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். எப்போது மரத்தை வெட்டி ரோட்டில் போடுவார்கள், எப்போது பஸ் நிற்கும், யாருக்கும் தெரியாது.

போலீஸ், காய்கறிக்காரம்மா என்று நமக்கு உதவுகிறவர்கள் மாதிரி பிள்ளைகள் வேஷம் போட்டு வருகிற ஹெல்ப்பர்ஸ் டே அன்று மதியமே பஸ் நின்றுவிட்டது. டவுன் பிள்ளைகளை வந்து கூட்டிப்போய்விட்டார்கள். கச்சிராயபாளையம் பக்கத்துப் பிள்ளைகளும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே...

ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அப்படி ஒரு புழுக்கம். பாத்ரூம் வெளியே இருந்ததால் மூலையில் ஒரு பக்கெட். காய்கறிக்காரம்மா வேஷம் போட்ட பாப்பாவின் கூடையிலிருந்த கேரட்டைத்தான் எல்லோரும் தின்றோம்.

எங்கள் பயமெல்லாம் செந்திலை நினைத்து. அவன் அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். பையனும் அச்சு அசல் போலீஸ் வேஷம்... காக்கி, தொப்பி, பெல்ட், விசில்.

சாயங்காலம் கேட்டைத் தட்டினார்கள். "குடிக்கத் தண்ணி குடுங்கம்மா!" மரம் வெட்டிய ஆட்கள். ஒருவருக்குத் தலையில் கட்டு, தடியடியில் பட்டது.

பிள்ளையை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு ஓடிப்போய் அவன் சட்டைப் பட்டனில் கை வைத்தேன்.

"சட்டையக் கழட்டுடா கண்ணு."

"மாட்டேன். அப்பா கழட்டக் கூடாதுன்னாரு." உடனே அழுகை.

மிஸ் தொப்பியையும் பெல்ட்டையும் உருவி அலமாரிக்குப் பின்னால் எறிந்தார். தன் ஹேண்ட்பேகை அவன் தோளில் குறுக்கே மாட்டினார். "செந்திலு, நீ இப்ப பஸ் கண்டக்டர். அவருக்கும் காக்கிதான், விசில்தான். இன்னா?"

கதவைத் திறந்ததும் அந்த வாண்டு விசில் ஊதி, "போலாம் ரைட்!" என்றது.

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "பஸ்ஸே ஓடல, கண்டக்டரு மட்டும் டியூட்டி பாத்துகினு கீறாருடா!"

தலையில் கட்டுப் போட்டவர் சிரிக்கவில்லை. "இது யாரு வூட்டுப் புள்ள மிஸ்? எங்கியோ பாத்த மாரி இருக்குது."

மிஸ் டக்கென்று சொன்னார். "என் புள்ளதாங்க."

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்த ஆள் மிஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார். சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காய்கறி பாப்பா விடவில்லை. "மிஸ், பொய் சொன்னா இயேசப்பா அழுவாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அழட்டும்டி. நான் அப்புறமா சமாதானம் பண்ணிக்கிறேன்."

ஊர் வாய் சும்மா இருக்குமா? மிஸ்ஸுக்கு ஒரு பையன் இருக்கிறான் என்ற பேச்சு திருக்கோவிலூர் வரை போனது. அங்கே நிச்சயம் பண்ணுகிற அளவுக்கு வந்திருந்த சம்பந்தம் நின்றது.

"உண்மையச் சொல்லித் தொலைங்க மிஸ்" என்று நான் சண்டையே போட்டேன். "எப்படிடி சொல்றது? போலீஸ்காரர் புள்ளன்னு தெரிஞ்சா? செந்திலு தெனமும் அந்த ரோட்லதான வந்துகினு இருக்கான்" என்றார்.

செந்தில் அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வருவதற்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அப்புறம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. மிஸ் ரிட்டயர் ஆகும்வரை அதே எல்கேஜி ரூம்... எனக்கு அந்த ஊர்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

காலையில் போன் செய்தது யார் தெரியுமா? செந்தில்தான். பெரியவனானதும் மிஸ்ஸைத் தேடி வந்தவன், கடைசிவரை மருந்து மாத்திரை எல்லாம் பார்த்துக்கொண்டான்.

அடக்கத்துக்குச் சொல்லப் போன இடத்தில், சர்ச்சில், "நீங்க அவங்களுக்கு இன்னா முறை வேணும்?" என்று கேட்டார்களாம்.

"நீ இன்னாடா சொன்ன?" என்றேன்.

"பையன்னு சொன்னேங்க மிஸ்" என்றான்.

மணி நாலாகப் போகிறது. பால்கனி வரைதான் என்னால் வர முடிந்தது, மிஸ்...

போலாம், ரைட்.