சுக்கா ராணியின் உடை

கோயம்புத்தூரிலிருந்து வந்து புனேயில் வாகட் பகுதியில் குடியேறிய பிறகு எங்களுக்கு வாய்த்த முதல் மழைக்காலம் அது. புனே மழை கொட்டிவிட்டுப் போய்விடுகிற மழை இல்லை. ஜூனில் வந்து உட்கார்ந்தால் செப்டம்பர் வரை எழுந்திருக்காது. துவைத்த துணிகளை ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிடுவோம். டிவி பார்க்க வேண்டுமானால் துண்டுகளுக்கு நடுவே தலையை நீட்ட வேண்டும்.

ஒன்றாம் வகுப்புப் படித்த மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்காரும் பெண், அவள் சீருடையில் நாய் வாசம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். குனிந்து முகர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

அதே வாரம் எங்கள் குடியிருப்பில் கணபதி விழாவுக்கு மாறுவேடப் போட்டி அறிவித்தார்கள். குழந்தைகள் சூப்பர்ஹீரோவாக வர வேண்டும். கடையில் ரெடிமேட் உடை வாங்கிவிடலாம் என்றேன்.

"வேணாம்ப்பா. அவங்கல்லாம் பில்டிங் மேல ஏறித் திருடனைத்தான் பிடிக்கிறாங்க. துணி யாரு காய வெப்பாங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் காயவைப்பதாகத் தெரியவில்லை.

"நான் வெப்பேன். என் பேரு சுக்கா ராணி."

சுக்கா என்றால் இந்தியில் உலர்ந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "மட்டன் கடை போர்டு மாதிரி இருக்குது சாமி." மகளுக்கு அது விளங்கவில்லை. தமிழ் அவளுக்கு வீட்டில் பேசுகிற மொழி. விளையாட்டு, சண்டை, பட்டம் சூட்டிக்கொள்வது எல்லாம் இந்தியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹால் தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். அவள் கட்டளையிட, நான் செய்தேன். மனைவியின் ஆரஞ்சு துப்பட்டா முதுகுத் துணியானது. என் பழைய பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டு, அதைச் சுற்றித் துணிக் கிளிப்புகளை மாட்டினோம். ஹேர்பேண்டிலும் கிளிப்புகளைச் செங்குத்தாக நிறுத்தினோம், அது கிரீடம். தலைமுடி காயவைக்கும் டிரையர்தான் ஆயுதம். அதன் ஒயரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மீதியிருந்தது மார்பில் ஒரு சூரியன். வெள்ளைத் துணியில் சூரியனை வெட்டி, வாட்டர்கலரில் மஞ்சளும் சிவப்பும் தீட்டினாள். அதை டி-ஷர்ட்டில் தைப்பது என் பொறுப்பு. ஊசியில் நூல் கோப்பதற்கே நான் பட்ட பாட்டை மனைவி பார்த்துக்கொண்டே காபி குடித்தாள். ஒரு வழியாகத் தைத்து முடித்து, பெருமையாக மகளிடம் நீட்டினேன். அவள் தலையை விட்டாள். தலை வெளியே வரவில்லை. முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

"ஏனுங்க, புள்ளைக்குச் சட்டை தைக்கச் சொன்னா தலகாணி உறை தெச்சு வெச்சிருக்கீங்களே" என்றாள் மனைவி. டி-ஷர்ட்டுக்குள்ளிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. அவள் வயிறு குலுங்குவது துணி வழியாகத் தெரிந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் தையலைப் பிரித்தோம்.

போட்டி அடுத்து வந்த சனிக்கிழமை. அன்று மாலை வானம் வெளுத்திருந்தது. அதை நம்பிக் குடையில்லாமல் இறங்கினோம். எங்கள் கட்டடத்துக்கும் பந்தலுக்கும் நடுவே பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டிரையரை என் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினேன். பந்தலுக்குள் நுழைந்து பார்த்தால் துப்பட்டா அவள் முதுகில் ஒட்டிக்கிடந்தது. மார்பிலிருந்த சூரியன் கரைந்து, ஆரஞ்சுக் கோடுகளாக முட்டி வரை வழிந்திருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

"வீட்டுக்குப் போலாமா கண்ணு? வேற டிரெஸ் போட்டுக்கலாம்."

"எதுக்குப்பா? சுக்கா ராணி மழையிலதானே வேலை செய்வா" என்றாள்.

மேடையில் அவள் முறை வந்தது. ஒலிபெருக்கி வைத்திருந்தவர் குடியிருப்பின் செயலாளர், வயதான மராத்திக்காரர். என்ன சக்தி உனக்கு என்று இந்தியில் கேட்டார். துணிகளைக் காயவைப்பேன் என்றாள், தாடையில் நீர் சொட்ட. பந்தலே சிரித்தது. அழுதுவிடுவாளோ என்று நான் மேடைப் பக்கம் நகர்ந்தேன்.

"நீயே நனைந்திருக்கிறாயே அம்மா?"

"பெஹ்லே தூஸ்ரோங்கா" என்றாள் அவள். முதலில் மற்றவர்களுடையது.

சிரிப்பு நின்று கைதட்டல் எழுந்தது. செயலாளரின் சட்டைத் தோளும் நனைந்திருந்தது. அவரைக் குனியச் சொல்லி, டிரையரை நீட்டி, வாயாலேயே உர்ர்ர் என்று சத்தமெழுப்பினாள். அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார். அதன்பின் பறக்கும் வீரர்களும் முகமூடி வீரர்களும் மேடையேறி அவள் முன் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் உர்ர்ர் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதல் பரிசு வேறொரு பையனுக்குப் போனது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. எதிர் வீட்டு அம்மாள். அதுவரை லிஃப்ட்டில் பார்த்தால் ஒருவருக்கொருவர் தலையசைப்பதோடு சரி. கையில் ஈரமான குர்த்தா ஒன்று இருந்தது. "ராணி ஹை க்யா?", ராணி இருக்கிறாளா என்று கேட்டார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

மகள் ஓடிவந்து குர்த்தாவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். மாலைக்குள் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, என்னிடம் திரும்பினாள். "அப்பா, நீங்க ஐயர்ன் பண்ணுங்க. நான் உர்ர்ர் பண்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் சுக்கா ராணியிடம் வேலை பார்த்தேன். எதிர் வீட்டுக் குர்த்தாவைப் பார்த்து மேல் மாடியிலிருந்து ஒரு ஜோடி சாக்ஸ் வந்தது. கீழ் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை. தேய்க்கத் தேய்க்கத் துணிகளிலிருந்து ஆவி எழுந்தது. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, நாய் வாசம் போய்விட்டது என்று ராணி சொன்ன பிறகுதான் மடிக்க அனுமதி.

சாயங்காலம் குர்த்தாவை வாங்க வந்த எதிர் வீட்டு அம்மாள், ஒரு தட்டு நிறைய மோதகம் கொண்டுவந்தார். மனைவி காபி போட்டாள். எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஊர்க்கதை பேசினோம். அவர் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது சேலத்தில் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பேத்தி தொலைபேசியில் தமிழில் பேசினால் தனக்கு ஒன்றும் புரிவதில்லை, கற்றுக்கொடுப்பீர்களா என்று மனைவியைக் கேட்டார். மனைவி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்போதே ஆரம்பித்துவிட்டாள். "சாப்பிட்டியா கண்ணு" என்பதை அவர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்க, மோதகம் நிறைந்த வாயோடு மகள் ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.