புல்லைக் கழுவப் போன மோட்டார்

இன்று காலை எங்கள் ஊற்றுநீர்ப் பீலிக் குழாயில் கறுப்புத் தண்ணீர் வந்தது!

பால் விடாத கடுஞ்சாயப் பிளேன்டீ நிறம். நாற்றத்தைத்தான் எழுத முடியவில்லை. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

வெள்ளிக்கிழமை. முருகன் அபிஷேகத்துக்கு நீர் எடுக்கக் குடத்தோடு போனவள் நான். எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

வேறெங்கிருந்து வரும்? மேலே குப்பைமேடு. கீழே நாங்கள்.

குப்பையில் கசியும் சாற்றை ஒரு குழியில் தேக்கி, மோட்டார் போட்டு, சுத்திகரிக்கும் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மழை நாளில் அந்த மோட்டார் நிற்கவே கூடாது. நேற்று இரவெல்லாம் மழை.

வெறுங்குடத்தோடு மேடேறினேன். அங்கே குப்பை அள்ளும் பெக்கோ இயந்திரம் ஓட்டும் பக்கத்து வீட்டுத் தங்கராசு அண்ணன் எதிரே வந்தார்.

"அண்ணே, குழி நெறஞ்சு பீலிக்கு வந்துருச்சு! மோட்டார் எங்க?"

"நேத்தே கழட்டிட்டாங்க தங்கச்சி. வாசல் கேட்டுகிட்ட இருக்கு."

"ரிப்பேரா?"

"நல்லாத்தான் ஓடுது. போய்ப் பாரு, வயிறு எரியும்."

எரிந்தது!

கண்டியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்களாம், சுற்றுச்சூழலைப் பார்வையிட! அதற்காக வாசலில் புதுப் புல் பதித்திருக்கிறார்கள். எங்கள் மோட்டார் ஓடைநீரை இழுத்து அதன்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

மேற்பார்வை பார்க்கும் தம்பியிடம் கேட்டேன்.

"ராவெல்லாம் மழை பேஞ்சிச்சே தம்பி, புல்லுக்கு எதுக்குத் தண்ணி?"

"தண்ணி ஊத்தலக்கா, கழுவுறோம். லொறி போய் சேறு தெறிச்சிருச்சு."

புல்லைக் கழுவுகிறார்கள்! (வீட்டில் சவர்க்காரம் கரைவதற்கே கணக்கு வைப்பவள் நான். புல் கழுவும் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவார்களோ!)

"மோட்டார குழிக்குக் கொண்டு போங்க."

"அவங்க பார்த்துட்டுப் போகட்டும்கா. மத்தியானம் மாட்டிருவோம்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க என்னத்தக் குடிக்கும்?"

"ஒரு நாள்தானேக்கா, சமாளிங்க."

சமாளித்தேன். மோட்டாரை நிறுத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டு, உட்கார்ந்துவிட்டேன்!

"ஐயோ அக்கா, எந்திரிங்க! ஜீப் வருது!"

"வரட்டும்."

வந்தது. இறங்கிய அதிகாரி அம்மா, இது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

தம்பியும் சிங்களத்திலேயே பதில் சொன்னான். பக்கத்து வீட்டு அம்மாவாம், மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேனாம்!

எனக்குப் புரியாது என்ற நினைப்பு. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்தான். ஆனால் கம்பளைச் சந்தையில் மரக்கறிக்குப் பேரம் பேசியே சிங்களம் படித்தவள்!

"மயக்கமெல்லாம் இல்ல மிஸ். குழியில இருக்க வேண்டிய மோட்டார் இது. அது இல்லாம எங்க குடிதண்ணி கெட்டுப்போச்சு. வாங்க, காட்டுறேன்" என்று அதே சிங்களத்தில் சொன்னேன்.

தம்பியின் முகம் புல்லைவிடப் பச்சையாகிவிட்டது.

அந்த அம்மா நல்ல செருப்போடு சேற்றில் இறங்கி வந்தார். அதை மெச்சத்தான் வேண்டும். குழி வழிந்து பீலிப் பக்கம் இறங்குவதை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மத்தியானம் மாட்டவிருந்த மோட்டார் அப்போதே குழிக்குப் போனது.

இப்போது ஓடுகிறது. ஆனால் பீலி இன்னும் நாறுகிறது. எப்போது தெளியும் என்று தெரியாது. பிள்ளைகளுக்கும் அபிஷேகத்துக்கும் கீழே சந்திக் குழாயிலிருந்து தண்ணீர் சுமக்கிறோம்.

முருகன் பொறுத்துக்கொள்வான். நான் பொறுக்க மாட்டேன்!

உங்கள் ஊருக்குப் பெரியவர்கள் பார்வையிட வந்தால், எதைக் கழற்றி எங்கே மாட்டுகிறார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்.