கடைசி மேசைக்கு எட்டாத பாட்டு

பதினைந்து நாள் நான் பாட்டுப் போடமாட்டேன் என்று சொன்னபோது எங்கள் அச்சக மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பின்மீது எனக்குண்டான சினம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் முழுமையாகத் தணியவில்லை. நான் வேலைக்குச் சோம்பியவன் அல்லேன். சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அவ்வச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பதே என் பணி. ஆண்டின் அத்தனை நாள்தாள்களிலும் நல்ல நேரம், இராகு காலம், பிறை, நோன்பு, இராசிபலன் என எல்லாம் என் கண்ணைக் கடந்த பிறகே ஊரைவிட்டுப் புறப்படும். அப்பணியிலிருந்து நான் ஒருநாளும் ஓய்வு கேட்டதில்லை. பாட்டிலிருந்து மட்டுமே கேட்டேன்.

பாட்டுப் போடும் வேலை என்னிடம் வந்தது தற்செயலாக. எல்லாரும் பைண்டிங் என்று சொல்லும் நீண்ட கொட்டகையில் பெண்கள் வரிசையாக மேசைகளில் அமர்ந்து தாள்களை நாள்முறைப்படி அடுக்கிக் கட்டாக்குவார்கள். காலை முதல் மாலைவரை ஒரே அசைவு. அச்சலிப்பை மாற்ற ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். ஒலிநாடாக் கருவியை வைப்பதற்குத் தாள்தூசி படியாத இடம் என் அறை ஒன்றுதான். கருவி வந்தது. கருவியோடு பொறுப்பும் வந்தது.

வந்த பொறுப்பை நான் நேசித்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முற்பகலில் விறுவிறுப்பான தாளம், உணவுக்குப் பின் கண்கள் செருகும் வேளையில் பலர் கூடிப் பாடும் பாட்டு, மாலையில் வேன்கள் வந்து நிற்கும்வரை மென்மையானவை என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். பொருள்நயமற்ற பாட்டுக்கு என் அறையில் இடமே கிடையாது. ஒரு பாட்டைப் போடுவதற்கு முன் அதன் சொற்களை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஏறத்தாழப் பத்தாண்டு இப்படி நடந்தது.

பின்னர்க் குறுவட்டு வந்தது. ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள். காலையில் ஒருமுறை பொத்தானை அழுத்தினால் மாலைத் தேநீர்வரை அதுவே பாடும். தேடுவதில்லை, எடுப்பதில்லை, சொல்லிப் பார்ப்பதுமில்லை. ஓர் ஆவணி மாதத்தில், அடுத்த ஆண்டின் பங்குனித் தாள்களை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை வாயிலில் ஓர் அம்மையார் வந்து நின்றார். கடைசி மேசைக்காரர். விஸ்வநத்தத்திலிருந்து வேனில் வருபவர்.

"அய்யா, நல்லா இருக்கீகளா?"

"நன்றாகத்தானே இருக்கிறேன். ஏன் அம்மா?"

"இல்ல, பாட்டு நின்னு ரெம்ப நேரமாச்சு. சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டீகளோன்னு பாக்க வந்தேன்."

"எவ்வளவு நேரமாயிற்று?"

"டீ குடிச்சதுல இருந்துங்க."

தட்டு ஓய்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. கருவி என் முழங்கைக்கு அருகில் இருந்தது. அது பாடியதும் எனக்குத் தெரியவில்லை, ஓய்ந்ததும் தெரியவில்லை. அன்று என்மீது எனக்கு வந்த சினத்தில்தான் மேலாளரிடம் சென்று பதினைந்து நாள் ஓய்வு கேட்டேன். விலகியிருந்தால் செவி தன் பசியை மீண்டும் பெறும் என்று நம்பினேன்.

"என்னய்யா இது? பட்டனை அமுக்குனா அது பாட்டுக்குப் பாடுது. இதுல நீங்க எங்க களைச்சுப் போனீக?" என்று சிரித்தார் அவர்.

"களைத்தது கையன்று, காது."

"காது களைக்குமா? அப்பம் டாக்டரைப் பாருங்க. சீசன்ல பாட்டு நின்னா பொம்பளைக கை நின்னுபோகும். ஆர்டர் அம்புட்டும் தேங்கிரும்."

தாள் வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கினால் அரைநாள் அதை நிறுத்திச் சாணைக்கு அனுப்புகிறவர் அவர். மழையீரத்தில் தாள் நெளிந்தால், அது தானாகப் படியும்வரை தொடாதீர்கள் என்று ஆட்களை அதட்டுகிறவரும் அவரே. இரும்புக்கும் தாளுக்கும் ஓய்வு வேண்டும் என்பது விளங்கிய ஒருவருக்கு மனிதச் செவியைப் பற்றி மட்டும் ஏன் விளங்கவில்லை? நான் கேட்டது கூலியோடு விடுப்பா? என் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்தாமல் இருக்க இசைவு. அவ்வளவே.

மறுநாள் காலை என் மேசைமேல் ஒரு பண்பலை வானொலிப் பெட்டி அமர்ந்திருந்தது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியை அதில் செருகியிருந்தார்கள்.

"இது லீவு கேக்காதுங்கய்யா" என்றார் மேலாளர், எல்லாருடைய காதிலும் விழும்படி. வெட்டும் இயந்திரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்பெட்டியைப் பற்றி நான் நடுநிலையோடு எழுத இயலாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பேசுகிறவர்கள் மூச்சுவிடவே மாட்டார்கள். எதற்கோ சிரிப்பார்கள், சிரித்ததற்காக மீண்டும் சிரிப்பார்கள். பாட்டு முடியுமுன் அதன் கழுத்தைப் பிடித்து அடுத்த விளம்பரத்துக்குள் தள்ளுவார்கள். தமிழா வேறொன்றா என்று தெரியாத ஒரு மொழியில், யாரோ ஒருவருடைய பிறந்தநாளை நாள்முழுதும் வாழ்த்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மெய்ப்புத் தாள்களை அள்ளிக்கொண்டு அறையைவிட்டு வெளியேறிக் கொட்டகையின் மறுகோடியில், கடைசி மேசையின் ஓரத்தில் இடம் கேட்டு அமர்ந்தேன்.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் பத்தாண்டு நான் செய்தது இன்னதென்று தெரிந்தது. தலைக்குமேல் மின்விசிறிகள். இடப்புறம் துளையிடும் இயந்திரத்தின் தட்டல். முதுகுக்குப் பின்னே வெட்டும் இயந்திரத்தின் உறுமல். ஒலிபெருக்கிகள் இரண்டும் என் அறையை ஒட்டிய முன்சுவரில் இருந்தன. அங்கிருந்து புறப்பட்ட ஒலியில் கடைசி மேசைவரை வந்து சேர்ந்தது முழவின் அதிர்வு ஒன்றே. ஒரு சொல்கூட வரவில்லை.

"எப்போதும் இப்படித்தானா?" என்று அந்த அம்மையாரைக் கேட்டேன்.

"எப்பிடிங்கய்யா?"

"பாட்டில் வரும் சொல் இங்கே கேட்பதேயில்லையா?"

அவருடைய கைகள் நிற்கவில்லை. "முன்னாடி மேசைக்காரவுகளுக்குக் கேக்கும். இங்கன மேளச் சத்தந்தேன்."

பக்கத்திலிருந்த பெண் குறுக்கிட்டாள். "மேளம் கேட்டா பாட்டு ஓடுது. கேக்கலைன்னா கரண்டு போச்சு. எங்களுக்கு அம்புட்டுதேன் வித்தியாசம்."

மேசை முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"நீங்க ஆசைப்பட்டுப் போடுறீக. அதைப் போயி எதுக்குக் கெடுக்கன்னு விட்டுட்டோம்" என்றார் அம்மையார்.

ஏளனம் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். இரக்கப்பட்டிருக்கிறார்கள். சொல்நயம் சொல்நயம் என்று தேடித் தேடி நான் அனுப்பிய அத்தனையும் கொட்டகையின் நடுவழியிலேயே விழுந்துபோக, கடைசி மேசை எனக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆறாம் நாள் உச்சிப்பொழுதுக்கு முன் தொலைவில் ஓர் அதிர்வு எழுந்தது. நான் அமர்ந்திருந்த மேசை மெல்ல நடுங்கியது. அம்மையாரின் கைகள் முதன்முறையாக நின்றதைக் கண்டேன். அவருடைய மகள் அப்பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலைபார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவரைப் போலவே வீட்டில் ஒருவரையேனும் பட்டாசுக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள்தாம் அக்கொட்டகையில் பெரும்பாலோர். எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன. வெட்டும் இயந்திரத்தை ஆட்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். பண்பலைப் பெட்டி மட்டும் யாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அய்யா, அதை அமத்துங்களேன்!" என்றார் அம்மையார்.

கொட்டகையின் நீளம் முழுவதையும் ஓடிக் கடந்தேன். என் வயதுக்கு அது ஓட்டந்தான். அறைக்குள் நுழைந்து கம்பியைப் பிடுங்கினேன்.

யாரும் அசையவில்லை. முதல் வெடிக்குப் பின் என்ன வருகிறது என்பதைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னும் சற்றுப் பொறுத்தார்கள். அப்போதும் வரவில்லை.

"ஒண்ணோட நின்னுருச்சு" என்று அம்மையார் மூச்சை விட்டார். "பட்டாசுன்னா விடாமப் பொரியும். இது கல்குவாரிதேன்." கைகள் மறுபடி தாளைத் தொட்டன.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். "யாரு நிப்பாட்டுனது?"

"நான்."

"அய்யா, குவாரிக்காரன் மாசத்துல நாலு நாள் வெடி போடுதான். அதுக்கெல்லாம் நிப்பாட்டிக்கிட்டு இருந்தா லோடு எப்பம் ஏத்த?"

நான் வாயெடுக்குமுன் மறுகோடியிலிருந்து குரல் வந்தது. "மேனேசரே, எம்மக அங்கன இருக்கா. குவாரியா வேறயான்னு காதால கேட்டாத்தானே கை ஓடும்? இந்தப் பெட்டி எங்க கேக்க விடுது?"

அவர் அந்த அம்மையாரைப் பார்த்தார், ஆனால் மகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அதுதேன் கேட்டாச்சுல்ல, போடுங்க" என்று என்னிடம் சொன்னார். என் வாழ்நாளில் நான் குரலுயர்த்திப் பேசிய தருணங்கள் மிகச் சில. அவற்றுள் அது ஒன்று. மீதியுள்ள நாள்களுக்கு இங்கே எதுவும் ஒலிக்காது என்றேன். அதன்பின் நானே பாட்டுப் போடுவேன் என்றும், ஓர் ஒலிபெருக்கியைக் கடைசி மேசைக்கு நகர்த்த வேண்டும் என்றும், ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் சிறிது நேரம் கொட்டகை அமைதியாக இருக்கும் என்றும் சொன்னேன்.

"நடுவுல சும்மா கெடந்தா மெசினு கெட்டுப்போச்சுன்னுல்ல நெனைப்பாக?"

"நெனைக்க மாட்டோம்" என்றன பல குரல்கள்.

"பதினாறாம் நாள் பாட்டு வரலைன்னா இந்தப் பெட்டி திரும்ப வந்துரும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, வானொலியைக் கையோடு தூக்கிக்கொண்டு போனார். தோற்றுப்போனதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அது வேண்டியதுமில்லை.

எஞ்சிய நாள்களில் விருதுநகரில் என் வீட்டில் நாளொன்றுக்கு ஒரே பாட்டுக் கேட்டேன். அதுவும் வசதியாக அன்று. மாவரைக்கும் கிரைண்டரை ஓடவிட்டு, அதன் மறுபுறம் கருவியை வைத்து, எதிர்மூலையில் அமர்ந்து கேட்டேன். நான் உயர்வென்று போற்றிவந்த பாட்டுகள் பல அந்த உறுமலில் அடையாளமின்றி மூழ்கின. இசைக்கருவிகள் குறைவாக, குரல் முன்னே நிற்பவை மட்டுமே கரையேறின. ஒரு பாட்டைக் கேட்டு முடித்தபின் அடுத்ததைக் கேட்க மனம் துடிக்கும். கேட்கமாட்டேன். நாளை என்று வைத்துக்கொள்வேன். அந்தத் துடிப்பு எனக்குத் திரும்பி வந்ததை, வந்த அன்றே உணர்ந்தேன். மேலாளர் கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காலை, கிரைண்டரை வென்ற பாட்டுகளுள் தலையாயது எதுவோ அதைப் போட்டேன். ஒலிபெருக்கி அப்போது கடைசி மேசைக்கு நேர்மேலே இருந்தது. பாட்டு முடிந்ததும் கருவியை நிறுத்தினேன். கொட்டகையில் வேலையின் ஒலி மட்டும் எஞ்சியது. கடைசி மேசைக்கு நடந்து சென்றேன்.

"சொல் கேட்டதா அம்மா?"

"ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சுங்கய்யா" என்றார், தாள்களைத் தட்டிச் சமன்செய்தபடி. "பாட்டு முழுக்க அந்தாளு விட்டுட்டுப் போனவள நெனைச்சு ஒப்பாரிதேன் வைக்கான். காலங்காத்தால எதுக்குங்கய்யா இது?"

பக்கத்துப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தன வருசமா இந்த மாதிரிதேன் போட்டுக்கிட்டு இருந்தீகளா? நல்லவேளை, எங்களுக்குக் கேக்கலை."

எனக்கு வந்த சினம் சிறிதன்று. அது ஒப்பாரியன்று, பிரிவாற்றாமை, அதன் இரண்டாம் சரணத்தை உன்னிப்பாகக் கேட்டால் விளங்கும் என்று தொடங்கினேன். அம்மையார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"விளக்கத்தைப் பொறவு சொல்லுங்கய்யா. சும்மா இருக்குற நேரம் முடியப்போகுது. போயி வேற எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே அறைக்கு விரைந்தேன். தட்டுகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து, அதன் சொற்களை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, அழாத பாட்டு ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.